ஈரக் காலோடு வா

செப்டம்பர் 8, ஞாயிறு

புது அறைக்கு வந்தாயிற்று. பெட்டிகளை மாடிக்கு ஏற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அறை சிறியது, ஜன்னல் பெரியது. எட்டிப் பார்த்தால் ஆறும், அது கடலில் சேரும் இடத்தில் கட்டியிருக்கும் படகுகளும் தெரிகின்றன. அவர் டொரொன்டோவில் வீடு பார்த்து என்னை அழைத்துக்கொள்ளும் வரைக்கும் இது போதும். இரண்டு பேர் இருந்த ஃபிளாட்டை ஒருத்தி வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வீட்டுக்கார அம்மாள் பெயர் நோரீன் ஹாலினன். எழுபது வயதிருக்கும். தனியாக இருக்கிறார். செண்பகவல்லி என்ற பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "ஷென்னு கூப்பிட்டா கோவிச்சுக்குவியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாசல் சாவி கேட்டதற்கு, "இந்த வீட்டுக் கதவைப் பூட்டுறதில்ல. சாவி எங்க இருக்குன்னே தெரியாது," என்றார். கோவில்பட்டியில் சொன்னால் சிரிப்பார்கள். அயர்லாந்திலும் வேறு எந்த வீட்டிலும் இப்படிக் கேள்விப்பட்டதில்லை.

கணவருடைய சட்டைகளும் குளிர் கோட்டும் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அவசரமாகக் கிளம்பியதில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கனடாவில் குளிர் இதைவிட அதிகம். தேவைப்படும்.

சாயங்காலம் அம்மா பேசினாள்.

"மாப்ள எங்கட்டி? சத்தத்தையே காணும்?"

"வேலைக்குப் போயிருக்காரும்மா."

"ஞாயித்துக்கெழமையுமா?"

"ஆமா."

கனடா விவரத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீடு கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 11, புதன்

இங்கிருந்து தொழிற்சாலைக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் ஆற்றைக் கடக்க ஒரு நடைபாலம். அதன் கைப்பிடிக் கம்பியின் மேல் நெடுக எஃகு எழுத்துகளில் ஒரு கவிதை. நடந்துகொண்டே படிக்கிற மாதிரி, இந்தக் கரையில் தொடங்கி நடுப்பாலத்தில் முடிகிறது. இதற்கு முன் பஸ் நிழற்குடையில் பார்த்திருக்கிறேன். கடைகளில் காபிக் கோப்பையிலும் அச்சடித்து விற்கிறார்கள். நின்று படித்தது இன்றைக்குத்தான். எனக்குத் தெரிந்த அளவில் தமிழில் எழுதி வைக்கிறேன்:

தாழ் போடவில்லை.
விளக்கை அணைத்துவிட்டேன்,
நீ கூச்சப்படுவாய் என்று.
ஈரக் காலோடு வா.
எங்கே போயிருந்தாய் என்று கேட்கமாட்டேன்.
கேட்டால்,
பதில் சொல்லாதே.

கீழே, 'டோனலுக்கு. நோரீன் ஹாலினன்' என்று இருந்தது. என் வீட்டுக்கார அம்மாள்!

யாரையோ எதிர்பார்த்து எழுதியிருக்கிறார். நன்றாக இருக்கிறது. வேலைக்குத் தாமதமாகிவிட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

சாம்பார் வைத்தேன். நோரீன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாலத்தில் அவருடைய கவிதையைப் பார்த்தேன் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

டோனல் அவர் மகன். இருபத்தாறு வயதில் ஒரு நவம்பர் சாயங்காலம் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனான். திரும்பவில்லை. பதினோரு வருடம் ஆகிறது. எவ்வளவோ தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எழுதியது இந்தக் கவிதை. 'காணவில்லை' நோட்டீசில் அவன் படத்துக்குக் கீழே அச்சடித்து ஒட்டினார்கள். படத்தைவிடக் கவிதை பரவிவிட்டது. பஸ்ஸில் வந்தது, பாடப்புத்தகத்தில் வந்தது, ஆஸ்பத்திரிச் சுவரில் வந்தது. பிறகு நகரசபை பாலத்தில் வைத்தது.

"அதுக்கு முன்னாடி ஏழு புஸ்தகம் எழுதியிருக்கேன் ஷென். எங்க அக்கா மட்டும் படிச்சா. இப்ப எங்க கூப்பிட்டாலும் இந்த ஒண்ணத்தான் வாசிக்கச் சொல்றாங்க. வாசிச்சு முடிச்சதும் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. நான் போய் அவங்களுக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கிறேன்."

"அப்புறம் எழுதலையா?"

"கதவத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதே பெரிய வேலையா இருக்கு," என்று சிரித்தார்.

நான் இருக்கும் அறை அவனுடையது. சொல்லாமலே தெரிந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

அவர் போனை எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் பெண். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். எனக்கு மதிய ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். டீ போட்டுக்கொண்டு போனபோது நோரீன், "திரும்பச் சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டோனல் போன அடுத்த வசந்தத்தில், இங்கிருந்து வெகு தெற்கே ஒரு கடற்கரையில் எலும்புகள் ஒதுங்கியிருக்கின்றன. யாருடையது என்று தெரியாமல் அந்த ஊர் இடுகாட்டில் பெயரில்லாமல் புதைத்திருக்கிறார்கள். இப்போது புதிய பரிசோதனை வந்து, நோரீன் எப்போதோ கொடுத்திருந்த ரத்தத்தோடு பொருந்திவிட்டது. ஆற்றில் விழுந்து கடலுக்குப் போயிருக்கிறான். அன்றைக்கே.

அவர்கள் போன பிறகு நோரீன் டீக் கோப்பைகளைக் கழுவினார். துடைத்த கோப்பைகளையே மறுபடியும் கழுவினார். நான் குழாயை மூடினேன்.

"'ஈரக் காலோட வா'ன்னு நான் எழுதினப்ப அவன் தண்ணிக்குள்ள இருந்தான் ஷென்," என்றார்.

வேலைக்கு லீவு சொன்னேன்.

செப்டம்பர் 25, புதன்

வேலை முடிந்து வந்தால் வாசல் கதவு பூட்டியிருந்தது. நல்ல மழை. தட்டிப் பார்த்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். அழைப்புமணி எப்போதோ செத்துப்போயிருந்தது. அதற்கு வேலையே இருந்ததில்லை அல்லவா. வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார். கையில் ஒரு பழைய இரும்புச் சாவி.

"மன்னிச்சுக்கோ. நீ இருக்கிறத மறந்துட்டேன். உனக்கும் ஒண்ணு செஞ்சு தரேன்."

தலையைத் துவட்டத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அவர் கண்கள் காய்ந்திருந்தன. துண்டு ஈரமாக இருந்தது.

அக்டோபர் 5, சனி

டோனலைக் கொண்டுவந்து ஆற்றுக்கு மேலே இருக்கும் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பெட்டி சின்னது. ஊரே வந்திருந்தது. தேவாலயத்தில் பூசை நடக்கும்போது கொடுக்கிற தாளின் முகப்பில் யாரோ அந்தக் கவிதையையே அச்சடித்துவிட்டார்கள். நோரீன் பார்த்தார். தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த நானும் திருப்பி வைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

பாலத்துக்கு வர்ணம் பூசிப் புது விளக்குப் போடப்போகிறார்களாம். கவிதையை மறுபடி வைக்க நோரீனிடம் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். முடியாது, எடுத்துவிடுங்கள் என்று பதில் அனுப்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"அத எதுக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"யாருக்கு?"

"யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க இல்லையா? வரவேண்டியவங்க தாமதமா வருவாங்க. வேலை இருக்கும், வீடு கிடைக்கலைன்னு இருக்கும். தாமதம்னா வரவேமாட்டாங்கன்னு அர்த்தமா?"

நோரீன் என்னையே பார்த்தார். "யாரு காத்திருக்கா ஷென்?"

"பொதுவாச் சொன்னேன்."

ஸ்க்ரப்பர் தேய்ந்துவிட்டது. நாளைக்கு வாங்கவேண்டும்.

அக்டோபர் 19, சனி

ஊர் ரேடியோவில் காலையிலிருந்து இதுதான் பேச்சு. பரீட்சையில் அந்தக் கவிதையைப் பற்றி எழுதிய மாணவன் பேசினான். பாலத்தில் வைத்துத்தான் கணவன் தன்னிடம் காதலைச் சொன்னான் என்று ஒரு பெண் பேசினாள். இன்னொருத்தி சத்தம் போட்டாள்: "அவங்க எழுதினாங்க, சரி. இப்ப அது எங்களோடது. ஒருத்தங்க இஷ்டத்துக்கு எப்படி எடுக்கலாம்?"

நோரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். ரேடியோவை அணைக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். உரித்து உரித்துக் கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

ஃபின்டன் என்பவர் வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்கால நேரங்களில் பளபளக்கும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பாலத்தில் சிலர் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைப் பார்த்து வெகுநேரம் நிற்கிறவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பார்கள். அவர்களில் ஒருவர். பேச்சு எனக்கும் கேட்டது.

"நோரீன், நாங்க ஓடிப் போய்ச் சேர நேரம் வேணும். குதிக்க வந்தவங்க நின்னு படிக்கிற நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கிற நேரம். எத்தனை பேரக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கோம் தெரியுமா?"

"என் பிள்ளை நிக்கலையே."

ஃபின்டன் தொப்பியைச் சுருட்டினார். "அப்ப அங்க படிக்க ஒண்ணும் இல்லையேம்மா."

நோரீன் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போனதும் பூட்டினார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அவருக்கு அங்கே வேலை நாள். வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது.

நவம்பர் 3, ஞாயிறு

அவர் பேசினார். நன்றாக இருக்கிறாராம்.

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சோடா மாவும் வினிகரும் போட்டுப் பார்த்தேன், கம்பியை விட்டுக் குத்தினேன். கடைசியில் கீழே இருக்கும் வளைவுக் குழாயைக் கழற்றி எல்லாவற்றையும் கையாலேயே அள்ளினேன். நோரீன் விடச் சொன்னார், நாளைக்கு ஆள் வரும் என்றார். நான் விடவில்லை. அம்மாவின் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

வேலையில் இன்று சரியில்லை. இதய ரத்தக் குழாய்க்குள் வைக்கிற கம்பிவலைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பழுதானதை ஒதுக்குவது என் வேலை. இன்று நல்லதையெல்லாம் ஒதுக்கிவிட்டேனாம். மேற்பார்வையாளர் எடுத்து மறுபடி பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போ என்றார்.

பாலம் வழியாக வந்தேன். வர்ண வேலை இன்னும் தொடங்கவில்லை. எழுத்துகள் அப்படியே இருந்தன. படித்தேன். கடைசி வரி வந்ததும் திரும்ப முதல் வரிக்கு நடந்துபோய் மறுபடி படித்தேன். எடுத்துவிடப் போகிறார்களே என்றுதான். இருட்டத் தொடங்கியிருந்தது. ஆறு நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

ஃபின்டன் வந்தார். நல்லா இருக்கீங்களா என்றார். நல்லா இருக்கேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். கவிதை படிக்கிறேன் என்றேன், எரிச்சலாக. "படிங்க, நானும் நிக்கிறேன்," என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார். யாருக்கோ போன் செய்தார்.

நோரீன் வந்தார். வீட்டுச் செருப்போடு, கோட்டைத் தப்பாகப் பொத்தான் போட்டுக்கொண்டு. அவர் அந்தப் பாலத்தில் கால் வைத்து எவ்வளவோ வருடம் ஆகிறது என்று ஃபின்டன் பிறகு சொன்னார். என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"ஞாயித்துக்கிழமை அவர் பேசினாரா?"

"பேசினார்."

"வர்றாரா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. என்னைப் பாலத்தின் நடுப் பக்கமாக விட்டு, தான் கைப்பிடிக் கம்பிப் பக்கமாக நடந்தார். பாலம் முடிந்த பிறகும் கையை விடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

எழுதிவிடுகிறேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாள். இங்கே இருக்கும்போதே பழக்கமாம். வீடு வாங்கிவிட்டார்கள். குழந்தை வரப்போகிறது. வக்கீல் என்னைத் தொடர்புகொள்வாராம், கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் நல்லதாம். "உனக்குப் புரியும்," என்றார். பெட்டியில் இருக்கும் துணிகளை என்ன செய்ய என்று கேட்டேன். யாருக்காவது கொடுத்துவிடு என்றார்.

நான் கேட்டது துணிகளைப் பற்றி மட்டும்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

நோரீன் காலையிலேயே குளித்துவிட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். நான் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன்.

"கவிதை இருக்கட்டும்னு நகரசபைக்குச் சொல்லப்போறேன்."

கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவரே சொன்னார். "உனக்காக மட்டும் இல்ல. ஃபின்டன் சொன்னத நான் தினமும் கேட்டுக்கிட்டே இருக்கேன். அன்னைக்கு அங்க படிக்க ஒண்ணும் இல்ல. அது உண்மைதானே?"

"உங்களால தாங்க முடியுமா?"

"முடியாது. இனிமே அத வாசிக்கமாட்டேன், யார் கூப்பிட்டாலும் சரி. ஆனா பேர எடுக்கச் சொல்றேன். ரெண்டு பேரையும். டோனல் அந்த ஊர் மண்ணுல பேரில்லாமக் கிடந்தான். அவன் பேரு மட்டும் இங்க பாலத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அத அவன்கிட்டக் கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"உங்க பேரு?"

கஞ்சியைக் கிளறினார். வெகுநேரம் கிளறினார்.

"அத எழுதினவளுக்கு மகன் உயிரோட இருந்தான் ஷென். அவ வேற பொம்பளை. அவ பேர நான் எப்படி வெச்சுக்கிறது?"

நவம்பர் 17, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தங்கை கோமதியின் கல்யாணம் தையில். பத்திரிகையில் பெயர் போடுவதைப் பற்றித்தான் பேச்சு.

"அம்மா, அவர் வரமாட்டாரு."

"கல்யாணத்துக்கா? லீவு கெடைக்கலயாக்கும்?"

"எதுக்கும் வரமாட்டாரு. என்கூட இல்ல. வேற ஒருத்திகூட இருக்காரு."

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"ஏட்டி, மெல்லப் பேசு. அப்பா இங்கதான் இருக்காவ." பிறகு குசுகுசுவென்று, "சம்பந்தகாரங்க காதுல விழுந்தா கோமதி காரியம் கெட்டுப்போவும். தை முடியட்டும். லீவு இல்லன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீ ஆர்ட்டயும் வாயத் தொறக்காத, கேட்டியா?"

"சரிம்மா."

வைத்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் மடித்து முடிந்த பிறகு மறுபடியும் போன் வந்தது. காற்று இரைந்தது, மொட்டை மாடிக்கு வந்திருக்கிறாள்.

"நான் அப்பப் பேசினத மனசுல வச்சிக்கிடாத. புத்தி கெட்டுப் பேசிட்டேன். எப்பலேந்துட்டி?"

"ஏப்ரல்லேந்து."

"ஏப்ரல்லேந்தா? எத்தன ஞாயித்துக்கெழம பேசியிருக்கோம், எட்டி! ஒத்தையில எப்பிடிட்டி இருந்த?" அவள் அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை, ஆச்சி செத்தபோதுகூட. "நீ கல்யாணத்துக்கு வா. ஒத்தையிலயே வா. ஆரு கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"அத அப்பப் பாத்துக்கிடுவேன். நீ வா."

டிக்கெட் போட்டுவிட்டேன். திரும்பி வரவும் சேர்த்துத்தான்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று மத்தியானம் பாலத்தில் வேலை. நோரீன் என்னையும் வரச் சொன்னார். காற்று அறைந்தது. நகரசபை ஆள் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றினார். சில திருகாணிகள் துருவேறிச் சுற்றாமல் நின்றன. எண்ணெய் விட்டுக் காத்திருக்கவேண்டியிருந்தது. கழற்றிய எழுத்துகளை நோரீன் வாங்கி, கைக்குட்டையால் துடைத்துக் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டார். மகன் பெயர் வலது பையில், தன் பெயர் இடது பையில்.

எழுத்து இருந்த இடத்தில் பழைய வர்ணம் புதிதாகத் தெரிந்தது. அங்கே பெயர் இருந்தது என்று உற்றுப் பார்த்தால் தெரியும். வர்ணம் பூசியதும் அதுவும் தெரியாது.

அந்த நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் கையில் வரைபடத்தோடு வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். 'பதில் சொல்லாதே' வரைக்கும் வந்ததும் அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். கணவர் நோரீனைப் பார்த்துக் கேட்டார்:

"ரொம்ப நல்லாருக்கு. இதை எழுதினது யாருன்னு தெரியுமாங்க?"

நகரசபை ஆள் திருப்புளியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். நோரீன் என் கையை அழுத்தினார்.

"தெரியலைங்க," என்றார். "இந்த ஊர் அம்மா யாராவது இருக்கும்."

அந்தப் பெண் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எஃகு எழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

இடுகாட்டுக்கு மேட்டில் ஏறவேண்டும். நோரீனுக்கு மூச்சு வாங்கியதால் அங்கங்கே நின்று நின்று போனோம். வழி நெடுக அவர் கோட்டுப் பைக்குள் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் கூடவே வந்தது.